மண்டபத்தில் நாம் பதிக்காத ஓடு

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்றொரு பழந்துறை. அங்கே கிடைத்த உடைந்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருக்கின்றன. அதற்குத் தெற்கே பெரெனிகே துறையில் கிடைத்த ஓட்டில் கொறபூமான். இங்கே கீழடியில் ஆதன், குவிரன் ஆதன். சாதன் எந்த ஊர்க்காரன், என்ன சரக்கு கொண்டுபோனான், ஊர் திரும்பினானா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் 2,000 ஆண்டுகள் கழித்து அந்தப் பெயரைப் படித்துச் சொன்னபோது நமக்கு நெஞ்சு நிறைந்தது. மேடைகளில் பேசினோம், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். கடல் கடந்து போன ஒரு சாதாரண மனிதனின் பெயர் சுட்ட மண்ணில் நிலைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும், நம் பூட்டன் பூட்டி காலத்தில் இதே கரையிலிருந்து படகேறியவர்களுக்கு ஒரு ஓடுகூட நாம் பதிக்கவில்லை.

1820களில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது தொடங்கியது அந்தப் போக்கு. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் ஆட்கள் நடந்தார்கள். கடற்கரை வரை நடை, பாய்மரத் தோணியில் மன்னார், அங்கிருந்து மறுபடி நடை. தம்புள்ளை வழியாக மாத்தளைக்குப் போன அந்தக் காட்டுப் பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நின்றால் அவர்களும் விழ வேண்டியதுதான்.

காப்பியை இலைத்துரு நோய் தின்றது. 1869இல் தொடங்கிய அந்த நோய் பத்து இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்துவிட, அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். அதனால் அதுவரை போய்த் திரும்பியவர்கள் பிறகு குடும்பத்தோடு போய் லயம் எனும் வரிசை அறைகளில் தங்கினார்கள். 1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சம் ஊரைக் காலி செய்தபோது கண்டிச் சீமையைத் தவிர பலருக்கு வேறு திசை இருக்கவில்லை. தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துப் போனார்கள் என்ற பேச்சு மலையகத்தில் இன்றும் உண்டு. போகும்போதே கடன்: வழிச்செலவும் முன்பணமும் ஏறிய ‘துண்டு’. அந்தத் துண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறும்போது ஆளும் சேர்ந்து கைமாறினார். 1921 வரை இந்த முறை நீடித்தது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. இரயிலும் நீராவிக் கப்பலும் இணைந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே போக்குவரத்து வந்தபின் மண்டபம் என்ற கடற்கரை ஊர்தான் வாசல் ஆயிற்று. இலங்கை அரசு நம் மண்ணிலேயே நடத்திய முகாம் அங்கே இருந்தது. தோட்டத்துக்குப் போகும் ஆட்களை அங்கே சில நாள் நிறுத்தி வைத்து, உடுத்த துணியைக் கிருமி நீக்கி, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்டபிறகே கப்பலேற்றினார்கள். கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கும். அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இன்ன தோட்டத்துக்குப் போகிற ஆள், செலவு இன்ன தோட்டத்தின் கணக்கில் என்று வழியெல்லாம் அனுப்பி வைத்தார்கள். ஆளின் பெயருக்கு அந்த வில்லையில் இடமில்லை.

இந்த மண்டபத்தைக் கடந்துதான் நாம் இராமேசுவரம் போகிறோம். அமாவாசைக்கு அமாவாசை முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய இலட்சக்கணக்கில் போகிறோம். அக்கினி தீர்த்தத்தில் எள்ளும் நீரும் இறைக்கும்போது, தோட்டத்தில் செத்து யாரும் எள் இறைக்காமல் போனவர்களை நினைத்ததில்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் தனுஷ்கோடிக்கும் கூட்டமாகப் போகிறோம். 1964 டிசம்பர்ப் புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த இடிபாடு ஒரு துறைமுக ஊரின் மிச்சம், அந்தத் துறைமுகம் வழியாகத்தான் நம் ஆட்கள் போனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோமா? 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது செங்குத்தாக மேலெழும் அதன் நடுத்துண்டைப் பற்றி நாள்கணக்கில் பேசினோம், எழுதினோம். பழைய பாலத்தின் மேல் யார் போனார்கள் என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்திரிகைக்காரர்களாகிய நாமே அதைச் செய்யவில்லை.

ஓடு என்று சொல்லும்போது செட்டிநாட்டு வீடுகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. கானாடுகாத்தானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அந்தப் பெரிய வீடுகளின் சுவர்களில் ஜப்பானிலிருந்து வந்த பளபளப்பான பூவேலை ஓடுகள் பதித்திருக்கின்றன. தூண்களுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு ஆத்தங்குடிக் கல். அந்த ஓடுகளும் ஒருவகையில் இடப்பெயர்வின் நினைவுச் சின்னங்கள்தாம். இரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் போய்த் தொழில் செய்தவர்களின் பணம் அங்கே சுவராக நிற்கிறது. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் குரல் கொடுத்தோம், சரியாகவே செய்தோம். ஆனால் இலங்கையில் தோட்டக்காரர்களுக்கும் கங்காணிகளுக்கும் கடன் கொடுத்து அந்தத் தொழிலை ஓட வைத்தவர்களில் நகரத்தார் வட்டிக்கடைகளும் உண்டு. ஒரே கடலை ஒரே காலத்தில் இரண்டு வகையான தமிழர்கள் கடந்தார்கள். ஒரு வகையினர் கொண்டுவந்த ஓட்டைத் தொட்டுப் பார்க்க இன்று கட்டணம் கொடுத்து உள்ளே போகிறோம். மற்ற வகையினரிடம் ஓடு வாங்கக் காசில்லை. அவர்களுக்காக அதை வாங்கிப் பதிக்க வேண்டிய பொறுப்பு ஊருக்கு இருந்தது. ஊர் என்றால் நாம்தான்.

சிலை வைக்கத் தெரியாத சமூகம் என்றும் நம்மைச் சொல்ல முடியாது. 1968 சனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் வள்ளுவர், ஔவை, கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி. என்று வரிசையாகச் சிலைகள் எழுந்தன. உலகத் தமிழரை அழைத்து நடத்திய மாநாடு. அந்த ஆண்டுகளில்தான் மண்டபத்தின் கதவு மறுபக்கமாகத் திறந்துகொண்டிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விட்டு, பத்து ஆண்டு கழித்து அவர்களையும் பாதிப்பாதியாக வகுத்தார்கள். அந்த மக்களின் பிரதிநிதிகளைக் கலக்காமலே இது நடந்தது. நம் சட்டமன்றமும் நம் தெருவும் நம் இதழ்களும் அன்றைக்கு மொழிக்காகக் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தக் கொதிப்பில் ஒரு பங்காவது அந்தத் தமிழ் பேசும் ஐந்தேகால் இலட்சம் பேருக்காக எழுந்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கையில் ஒரு குடும்ப அட்டையோடு மாவட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். தாத்தா புறப்பட்ட ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, பல இடங்களில் உறவும் இல்லை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கி ஒரு பகுதியினருக்கு வேலை கொடுத்தார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடி அதே கொழுந்துக் கூடை, அதே லயம். ‘சிலோன்காரங்க’ என்று நாம் அவர்களைத் தள்ளி வைத்துப் பேசினோம். அங்கே இந்தியாக்காரர்கள் என்று விரட்டப்பட்டவர்கள் அவர்கள். 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியின் கிளையில் இன்று நகை அடகு வைத்துவிட்டு வருகிறோம். அது யாருக்காக வந்தது என்று நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

இலக்கியம் நம்மை எச்சரிக்காமல் இல்லை. புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘துன்பக்கேணி’ எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணின் வாழ்க்கை சிதைவதை அதில் படித்திருக்கிறோம். பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். மலையகத்திலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார். அந்த எழுத்துகளைப் பாடத்தில் வைத்தோம், கதையின் உத்தியை ஆராய்ந்தோம். கதையில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து மாவட்டத்தில் இருப்பதை மறந்தோம்.

ஏன் மறந்தோம் என்று கேட்டால் வறுமை, தூரம், காலம் என்று பல காரணம் சொல்லலாம். எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. போனவர்களில் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து போனவர்கள். ஊரின் கோயில் சுவரில் உபயதாரர் பெயர் பொறிக்கும் வழக்கம் உண்டு, ஆனால் சுவருக்கு உள்ளேயே விடப்படாதவர்கள் அவர்கள். ஊர் வரலாற்றில் அவர்களுக்குப் பெயரே இல்லாதபோது, ஊரை விட்டுப் போனதற்கு எப்படிச் சின்னம் இருக்கும்? மற்ற சாதிகளிலிருந்து போனவர்களின் வீடுகளிலோ, கண்டிக்குப் போய் வராமல் போன பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது குடும்பத்துக்குக் குறைச்சலாகப் பட்டது. இன்று ஆண்டுதோறும் சனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறோம். மேடையில் அமர்பவர்களில் அமைச்சர்களும் தொழிலதிபர்களும் விஞ்ஞானிகளும் உண்டு. அவர்களில் பலருடைய பாட்டனார் ஒப்பந்தக் கூலியாகப் போனவர் என்பதைப் பேரன் உயர்ந்தபிறகுதான் நாம் பெருமையோடு சொல்கிறோம். உயராமல் போன பேரனுக்கு மேடை இல்லை.

மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். மொரிஷியசின் போர்ட் லூயிஸில் கூலிகள் இறங்கி ஏறிய கற்படிகளை ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரில் காத்து வைத்திருக்கிறார்கள். 2006இல் அது யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று. அந்தப் படிகளில் ஏறியவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் உண்டு. கொல்கத்தாவில் சுரிநாமுக்குக் கப்பலேறியவர்களுக்காக, கையில் மூட்டையோடு நிற்கும் ஒரு தம்பதியின் உருவத்தை ஹூக்ளிக் கரையில் 2015இல் நிறுவினார்கள். இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய பீகாக் தோட்டத்தில் லயத்து அறைகளையே அருங்காட்சியகமாக்கி, கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தப்புமாக வைத்திருக்கிறார்கள். 2023இல் வருகையின் 200ஆம் ஆண்டை ஒட்டி மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில், 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். அதே பயணத்தின் முதல் பாதி, ஊரிலிருந்து கடற்கரை வரையிலான பாதி, நம் நிலத்தில் இருக்கிறது. அந்தப் பாதியை நடக்க நம்மிலிருந்து ஒரு பெருங்கூட்டம் புறப்பட்டிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை உலுக்குவது இத்தாலியின் லாம்பெதூசாத் தீவில் நிற்கும் கதவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்து கடலில் மூழ்கியவர்களுக்காக மிம்மோ பலதினோ என்ற சிற்பி செய்தது. ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம். உயர்ந்த சூட்டைத் தாங்கும் சுடுமண்ணைப் பலகை பலகையாகச் சுட்டு ஒரு வாசலாக எழுப்பியிருக்கிறார். அதன் முகத்தில் செருப்பு, கிண்ணம், மீன், மனிதத் தலை, சில எண்கள் புடைத்து நிற்கின்றன. கதவுக்கு அந்தப் பக்கம் கடல். 2008 சூன் 28 அன்று திறந்தார்கள். ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழும் மீனவத் தீவு அது. இறந்தவர்கள் அவர்களுடைய மொழி பேசியவர்கள் அல்லர், உறவும் அல்லர். முன்பின் அறியாதவர்களுக்காக அந்தக் கரையில் சுட்ட மண் நிற்கிறது. நம் கரையிலிருந்து போனவர்கள் நம் தெருக்காரர்கள்.

நம்மிடம் கைவினைஞர் இல்லையா? மதுரையிலிருந்து மண்டபம் போகும் இரயில் மானாமதுரை வழியாகத்தான் போகிறது. கடத்துக்கும் பானைக்கும் பெயர் பெற்ற ஊர். புதுச்சேரியில் 1971 முதல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இயங்குகிறது. அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் சூளை வைத்திருக்கிறார்கள். சென்னை எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் கலைக்கென்றே ஒரு துறை உண்டு. செய்யத் தெரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். செய்து தரச் சொல்லி அவர்கள் வாசலுக்குப் போகாதவர்கள் நாம்.

கேட்டிருந்தால் அவர்கள் முதலில் கடற்காற்றைப் பற்றிப் பேசியிருப்பார்கள். குறைந்த சூட்டில் வெந்த செம்மண் ஓடு தண்ணீரை உறிஞ்சும். மண்டபத்தின் உப்புக்காற்றில் உப்பு அதன் நுண்துளைகளுக்குள் புகுந்து படிகமாகி, சில ஆண்டுகளில் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். அதே மண்ணோடு வேறு களிமண் சேர்த்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால், மண் இறுகி ஏறக்குறையக் கல்லாகிவிடும். ஸ்டோன்வேர் என்கிறார்கள். உப்பு அதில் எளிதில் நுழையாது. வெண்கலத்தைப் போல யாரும் உருக்கி விற்க முடியாது, இரும்பைப் போலத் துருவும் ஏறாது. நூற்றாண்டுகள் தாங்கும். சாதனின் பெயரைக் காப்பாற்றியதும் சுட்ட மண்தானே.

என்ன வடிவம் என்பதைச் சிற்பியிடம் விட்டுவிட வேண்டும். ஆனாலும் எனக்கு ஓர் ஆசை உண்டு. அந்தத் தகர வில்லையின் அளவிலும் வடிவிலும், மேலே கயிறு கோக்கும் துளையோடு, ஆயிரக்கணக்கான சிறு மண் வில்லைகள். அன்றைக்கு எண் இருந்த இடத்தில் இப்போது பெயர். மண்டபம் கேம்ப் நிலையத்தின் நடைமேடைச் சுவரில் பதித்தால், இராமேசுவரம் போகும் ஒவ்வொரு பெட்டியின் சன்னலிலும் அது தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கு, காட்டுப் பாதையில் விழுந்தவர்களுக்கு, வெறும் வில்லை.

பெயர்களை எங்கே தேடுவது என்பது கடினமான கேள்வி, அதில்தான் நம் அலட்சியம் இன்னும் அதிகமாகச் சுடுகிறது. 1970களில் இராமானுஜம் கப்பலில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதாகிறது. அவர்களுடைய பெற்றோர் பலர் போய்விட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தக் கங்காணி, பாட்டன் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்பதெல்லாம் வாய்வழியாக இருந்தது. உட்கார்ந்து கேட்டு எழுத ஐம்பது ஆண்டுகள் நமக்கு அவகாசம் இருந்தது. பல்கலைக்கழகங்கள் இருந்தன, ஒலிநாடா இருந்தது, பிறகு எல்லார் கையிலும் கைபேசியே வந்தது. தனியாகச் சில ஆய்வாளர்கள், சில தொண்டு நிறுவனங்கள், சில எழுத்தாளர்கள் செய்ததைத் தவிர ஒரு சமூகமாக நாம் உட்காரவில்லை. நீலகிரித் தோட்டங்களில் முதியவர் ஒருவர் இறக்கும்போது ஒரு வில்லைக்கான பெயரும் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மண்டபம் முகாம் இன்னும் மூடப்படவில்லை. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழரை அங்கேதான் இறக்கினார்கள். 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள், அதாவது இங்கிருந்தே புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 2019இல் திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தாங்கள் இந்திய வம்சாவளியினர், தங்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இடம்பெறவில்லை. அவர்களைப் போன்றவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் அனுமதியின்றி வந்தவர்களாகவே விடப்பட்டார்கள்.

ஆகவே மண்டபத்தில் ஒரு ஓடு பதிப்பதென்றால் அதில் எழுத வேண்டிய வாசகத்தை மந்திரியிடமோ, புலவரிடமோ, நம்மைப் போன்ற கட்டுரையாளர்களிடமோ கேட்கக் கூடாது. முகாமுக்குள் இருக்கும் அந்தக் குடும்பங்களிடம் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவர் குடியுரிமை விண்ணப்பத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.